மாத் தகரத்தில் ஒளித்த தொப்பிச் சின்னம்

அது இலங்கையில் உள்நாட்டு யுத்தம் நடந்த காலம்; தமிழனென்றாலே பொலிசார் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். கண்டியில் குடியிருந்த யாழ்ப்பாணத்தான் நான், இணைய ஏலத்தில் பழம்பொருட்கள் விற்று வந்தேன். உலகப் போரின்போது பேராதனைப் பக்கம் முகாமிட்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவரின் பித்தளைத் தொப்பிச் சின்னத்தை ஏலத்தில் போட்டேன். கொழும்பிலிருந்து ஒருவர் வென்றார். வென்ற பிறகு பாதி விலைக்குக் கேட்டார். மறுத்தேன். “தமிழன் வீட்டில் ஆமிச் சாமான் இருக்கிறதென்று பொலிசுக்குச் சொல்வேன்” என்று எழுதினார்.

வீரனாகிய நான் சின்னத்தைச் சமையலறையில் இருந்த மாத் தகரத்துக்குள் புதைத்துவிட்டு, காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தேன்.

பிட்டு அவிக்கப் போன மனைவி மா அப்பிய கையில் சின்னத்தோடு வந்தாள். “இஞ்சருங்கோ, ஆமிக்காரருக்கும் சேர்த்தோ பிட்டு அவிக்கிறது?”

கதையைச் சொன்னேன்.

“இண்டைக்குப் பாதி விலைக்குக் குடுத்தால் நாளைக்குச் சும்மா கேப்பான். அவன் சொல்ல முதல் நீங்களே போய்ச் சொல்லுங்கோ. எழும்புங்கோ!”

காய்ச்சல் பறந்தது. பொலிஸ் நிலையத்தில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு என்னைச் சுவரோரத்து நீள மர வாங்கில் இருத்தினார்கள். வாசலைப் பார்த்தேனே தவிர எழும்பி ஓடவில்லை; சின்னத்தை நீட்டி, வந்த மிரட்டலைச் சொன்னேன். பொறுப்பதிகாரி சின்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மாத்தயா” என்று என்னை மரியாதையாக அழைத்து, “இந்தச் சிப்பாயின் பேரனுக்கே இப்ப பென்சன் வந்திருக்கும்” என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தவர், மிரட்டியவரின் விலாசத்தைக் கேட்டார்.

“பொலிசார் உங்கள் விலாசம் கேட்கிறார்கள், அனுப்புங்கள்” என்று கொழும்புக்கு எழுதினேன். அன்றோடு ஆளைக் காணோம்.

இப்போதெல்லாம் மிரட்டுகிறவரோடு பேரம் பேசுவதில்லை. விற்பனையை ரத்துச் செய்து, அன்றே ஏல நிறுவனத்துக்கு முறையிடுகிறேன். பயம் இன்னும் வருகிறதுதான். அதையும் கூட்டிக்கொண்டே போய், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.