முன் சீற்றில் உதயகலா

கணவன் மஞ்சள்காமாலையில் போய் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு, அச்சுவேலியில் சீமெந்துக்கல் அரியும் வளவொன்றில் உதயகலா வேலைக்குச் சேர்ந்தாள். பொட்டை அழிக்கச் சொன்ன மாமியாரிடம், கலியாணத்துக்கு முன்னமும் வைத்ததுதானே என்று சொல்லிவிட்டு, முன்னையதைவிடப் பெரிதாக ஒன்றை வைத்துக்கொண்டு வந்தவள். அடங்காப்பிடாரி என்று ஊர் பேர் வைத்தது. அவளோ அதைப் பட்டம் கிடைத்த மாதிரி வைத்துக்கொண்டாள்.

அரிந்த கல்லுக்குத் தண்ணீர் விட்டு, காய்ந்ததை லொறியில் அடுக்கி, வீடு கட்டும் இடத்துக்குக் கூடவே போய் இறக்கிக் கொடுக்க வேண்டும். ஏற்றி இறக்கும் பெண்கள் இரண்டு பேர், அவளும் ஞானாம்பிகையும். இரண்டு பேரும் அடுக்கிய கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்து போவதுதான் அங்கே வழக்கம். முன் சீற்றில் பெண்களை ஏற்றினால் வாகனத்துக்கு ஆகாது என்பார் முதலாளி தியாகராசா. எண்ணெய்க் கானுக்கும் பழைய ரயருக்கும் அந்தச் சீற்றில் தாராளமாக இடம் இருந்தது.

போன வருடம் தியாகராசா வேறொரு லொறி வாங்கினார். வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் பூசை வைத்து, மாலை போட்டு, வளவுக்குக் கொண்டுவந்து பருத்தித்துறைக்கு முதல் லோட் ஏற்றினார்கள். உதயகலா நேரே போய் முன் கதவைத் திறந்தாள். கல்லுக்கு மேலே இருக்க நானும் கல்லா என்று கேட்டுக்கொண்டே ஏறி, மாட்டேன் மாட்டேன் என்ற ஞானாம்பிகையையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்து நடுவில் இருத்திவிட்டு, தான் கதவோரம் இருந்தாள். தியாகராசாவின் முகம் சுருங்கியது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்ததால் வண்டியை எடுக்கச் சொன்னார்.

லொறி படலையைத் தாண்டக்கூட இல்லை. வழியில் நின்ற, மணல் கொட்டும் ரிப்பர் வண்டியை ஒதுக்கிவிட வேண்டுமென்ற அவசரத்தில் தியாகராசாவே அதில் ஏறி, ஒரு காதில் போனை வைத்துக் கதைத்தபடி, பின்னால் ஓர் ஆளை நிறுத்தாமல் மடமடவென்று பின்னுக்கு எடுத்தார். ரிப்பரின் பின்பக்கம் லொறியின் இடக் கதவில் வந்து இடித்தது. கதவு உள்ளே மடங்கி உதயகலாவின் காலைக் கவ்விக்கொண்டது. அடித்த அடியில் மேலே அடுக்கியிருந்த கல்லெல்லாம் மற்றப் பக்கமாகச் சரிந்து நிலத்தில் கொட்டியது.

ஆசுபத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். தியாகராசா அப்பிள் பையோடு வந்து கட்டிலருகே நின்றார். விபத்து றோட்டில் நடக்கவில்லையே, பொலிசு கிலிசு என்று ஒருவரும் வரமாட்டார்கள் என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

"வளவுக்குள்ளை நடந்தது வளவுக்குள்ளையே இருக்கட்டும், பிள்ளை" என்றார்.

அப்படியே இருந்திருந்தால் அவளும் பேசாமல் விட்டிருப்பாளோ என்னவோ. ஆனால் அவள் வீடு வந்து சேருமுன்னே வேறொரு கதை படலை தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது. பூசை வைத்த வண்டியில் தாலியறுத்தவள் முதல் ஆளாக ஏறினாளாம், அதுதான் வினையாம். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். வண்டியைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாத மனுசன் இவளுடைய ராசி கோணல் என்றார். நியாயம் தெரிந்த சனமும் தலையாட்டியது. அதுதான் அவளுக்குக் காலைவிட வலித்தது. படுத்துக் கிடந்த நாளெல்லாம் அவள் அழவில்லை, கொதித்தாள்.

தை பிறந்து, திருத்திய லொறிக்கு வளவிலேயே மறுபடி பூசை நடந்த அன்று, காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்தாள். தியாகராசா வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை செய்யலாம், ஆனால் மேலே ஏறித்தான் போக வேண்டும் என்றார். கம்பி வைத்த காலோடு கல்லடுக்கில் ஏற முடியாது என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் இரு என்பதைத்தான் அப்படி மரியாதையாகச் சொன்னார்.

உதயகலா நேரே போய், இரண்டு கையாலும் பிடித்து முன் சீற்றில் ஏறி உட்கார்ந்தாள். கற்பூரத் தட்டோடு நின்ற ஐயர் வேறு பக்கம் பார்த்தார்.

"பிள்ளை, நீர் இறங்கும்" என்றார் தியாகராசா.

"அண்டைக்கு ரிப்பரைப் பின்னுக்கு எடுத்தது ஆர் எண்டு இதிலை நிக்கிற சனத்துக்குச் சொல்லுங்கோ, முதலாளி. சொல்லிப்போட்டுக் கூப்பிடுங்கோ, இறங்கிறன்."

பூசைக்காகக் கல் அரியும் மெசினையும் நிறுத்தியிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டது.

"நான் முன்னுக்கு இருந்தபடியாலை ஒரு கால்தான் போச்சு. நாங்கள் மேலை இருந்திருந்தா உங்கடை வளவிலை ரெண்டு செத்தவீடு."

தியாகராசா சாரதி சிவகரனைப் பார்த்து, அவளை இறக்கச் சொன்னார். அன்று ஸ்ரேறிங்கில் இருந்து எல்லாவற்றையும் கண்டவன் அவன். இத்தனை மாதமும் வேலை போய்விடுமென்று வாயை மூடிக்கொண்டு இருந்தவன். இப்போது அவன் ஏறி, கதவைச் சாத்தி, எஞ்சினை இயக்கினான். தியாகராசா ஆரோ கூப்பிட்ட மாதிரி உள்ளே போனார்.

வழமைபோல மேலே ஏறியிருந்த ஞானாம்பிகை கல்லடுக்கிலிருந்து மெல்ல இறங்கினாள். சேலையைத் தட்டிக்கொண்டு வந்து முன் கதவைத் திறந்தாள்.

"கொஞ்சம் அரக்கி எனக்கும் இடம் விடு, கலா" என்றாள்.