ரபியின் கடிதமும் கதிர்காமநாதனின் உத்தியோகமும்

கதிர்காமநாதன் ஒக்லாந்து நகரத்து ஒனிஹங்காவில் ஓர் ஏலக் கடையில் சாமான் கட்டுகிற வேலை பார்த்தார். செத்துப்போனவர்களின் வீட்டுத் தளபாடங்கள் வந்து இறங்கும். துடைத்து, இலக்கம் ஒட்டி, விற்றுப்போனதும் பெட்டியில் கட்டி அனுப்ப வேண்டும். நேர்மையான வேலைதான். ஆனால் ஊருக்கு எழுதிய கடிதங்களில் அவர் மேனேஜர். யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் பதினாறு வருடம் கிளாக்கராக இருந்த மனிதருக்கு, 'பெட்டி கட்டுகிறேன்' என்று எழுதப் பேனை ஓடவில்லை. சொன்ன பொய் சும்மா கிடக்குமா? அடுத்தடுத்த கடிதங்களில் அதற்குத் தனி அறையும் மேசையும் வந்து சேர்ந்தன.

அது 1986ஆம் ஆண்டு. தம்பி செல்வரத்தினம் ஊரிலிருந்து நாலு கடிதம் போட்டுவிட்டான். அவனோடு பள்ளிக்கூடத்தில் படிப்பித்த இரண்டு பேரை ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டது. அண்ணன் ஸ்பொன்சர் பண்ணினால் அவன் தப்புவான். அதற்கான ஃபாரம் அலுமாரிக்கு மேலே கிடந்தது. அண்ணனுக்கு என்ன வேலை என்று அதில் எழுதி, முதலாளியின் கடிதத்தையும் வைத்து, ஒரு பிரதியைத் தம்பிக்கும் அனுப்ப வேண்டும். அங்கேதான் நம் மேனேஜருக்கு முழி பிதுங்கியது.

"நாலு மாசமாக் கிடக்குது. நிரப்பப் போறியளோ இல்லையோ?" என்று மனைவி குணவதி கேட்டாள்.

"ஒரு நல்ல உத்தியோகம் கிடைக்கட்டுமப்பா. பிறகு நிரப்புவம்."

"ஓம், அதுவரைக்கும் பொறுத்திருக்கச் சொல்லி ஆமிக்காரனுக்கும் ஒரு கடிதம் போடுங்கோ."

கதிர்காமநாதன் ஃபாரத்தை அலுமாரிக்கு மேலே இன்னும் உள்ளே தள்ளிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை, கடைக்கு வந்த பழைய எழுத்து மேசையொன்றின் இழுப்பறை இறுகிக் கிடந்தது. கழற்றினால், பின்னால் ஒரு கடிதம் கசங்கிச் சிக்கியிருந்தது. ஆங்கிலக் கையெழுத்து. வியன்னா, நவம்பர் 1938. உச்சி மூலையில் புரியாத எழுத்து இரண்டு. இவையளும் பிள்ளையார் சுழி போடுவினம்போல என்று நினைத்துக்கொண்டு, நின்றபடியே வாசித்தார்.

எழுதியவர் ஒரு ரபி, யூதர்களின் குரு. ஒக்லாந்தில் இருந்த ஒன்றுவிட்ட சகோதரனுக்கு எழுதியிருந்தார். 'இருபத்திரண்டு வருடம் இங்கே வேதம் படிப்பித்தேன். அங்கே எனக்கு அந்தப் பதவி வேண்டாம். இப்படி ஆங்கிலம் எழுதவும் பால் கறக்கவும் பழகுகிறேன், மனைவி தொப்பி தைக்கப் பழகுகிறாள். வீதி கூட்டவும் சம்மதம். இங்கே நம்மவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அங்கே வருகிற பெர்மிட்டுக்கு உன் கையெழுத்து ஒன்றுதான் குறை. பெட்டிகளைக் கட்டி வைத்திருக்கிறோம்.'

பின்பக்கத்தில் வேறொரு கை பென்சிலால் எழுதியிருந்தது: 'புது வீட்டுக்குக் குடிபோனதும் பதில் போட வேண்டும்.'

கதிர்காமநாதன் அந்தப் பென்சில் வரியைத் திரும்பவும் வாசித்தார். முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இது சரித்திரக் கடிதம் என்று முதலாளி யூத சபையிலிருந்து ஓர் அம்மாளை வரவழைத்தார். அடுத்த வாரம் அந்த அம்மாள் பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பெயரில் ஒருவரும் இங்கே வந்து இறங்கவில்லை என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தச் சகோதரன் புது வீடு வாங்கினவரோ?" என்று கதிர்காமநாதன் கேட்டார்.

வாங்கியிருந்தார். மேசை வந்ததே அந்த வீட்டிலிருந்துதான்.

அந்தப் படுபாவியைத் திட்ட நமக்கும் வாய் வருகிறது. கதிர்காமநாதனுக்கு வரவில்லை. எந்த முகத்தோடு திட்டுவார்? அவர் நேரே முதலாளியின் அறைக்குள் போனார். தம்பிக்காக ஒரு கடிதம் வேண்டும் என்றார். என்ன வேலை என்று போடுவது என்று முதலாளி கேட்டதும், கடை முழுக்கக் கேட்கும்படி, "பெட்டி கட்டுறவர் எண்டு போடுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, சாப்பிட முதலே ஃபாரத்தை நிரப்பினார். தம்பிக்கு அனுப்பும் பிரதியோடு ஒரு துண்டுக் கடிதமும் வைத்தார்:

'நான் இஞ்ச மேனேஜர் இல்லையடா. பெட்டிதான் கட்டுறன். நீயும் வந்து என்னோட கட்டு. கெதியா வா.'

குணவதி அதை வாசித்துவிட்டுத் தபால் முத்திரை எடுத்துத் தந்தாள். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடேயே நடந்துபோய்த் தபாலில் போட்டார்.