சரிவில் விரித்த படுக்கை

ஓவிலா பதினேழு வயதில் கனடாவின் கியூபெக்கிலிருந்து எல்லை தாண்டி அமெரிக்காவின் மெய்ன் காட்டுக்கு மரம் வெட்ட வந்தவர். பத்துக் குளிர்காலம் கோடரி பிடித்தார். ஒருநாள் கோடரி வழுக்கி இடது காலில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் மேஸ்திரி அவரைச் சரிவுக்கு அனுப்பிவிட்டார்.

மரங்களை ஏற்றிய சறுக்குவண்டிகள் அந்தச் சரிவின் பனிப்பாதையில்தான் ஆற்றுக்கு இறங்கும். வண்டி கட்டுமீறினால் முன்னால் போகும் குதிரைகள் மேலேயே ஏறிவிடும். பிடிப்புக்காகப் பாதையில் வைக்கோல் தூவுவது ஓவிலாவின் வேலை. கோடரிக்காரர்கள் அதைக் கிழவிகள் வேலை என்றார்கள்.

1896 பிப்ரவரியில் காலம் தப்பி மழை பெய்து, விடிவதற்குள் உறைந்தும் போயிற்று. ஓவிலா போய்ப் பார்த்தால் பாதை கண்ணாடியாய் மின்னுகிறது. குவித்து வைத்த வைக்கோல் கல்லாய் இறுகிக் கிடக்கிறது. கடப்பாரைக்கும் அசையவில்லை. அதற்குள் தொலைவில் மேலே வண்டிக்காரன் அங்கஸின் குதிரைமணி கேட்டது. கிளம்பிவிட்டான். வழி முழுக்க இறக்கம், நடுவில் நிறுத்த இடமில்லை.

ஓவிலா நொண்டிக்கொண்டே பக்கத்திலிருந்த கொட்டகைக்கு ஓடினார். நாற்பது பேர் படுக்கும் பலகைகளில் காய்ந்த வைக்கோல் பரப்பியிருந்தது. அதைக் கம்பளிகளில் மூட்டை மூட்டையாக அள்ளிப்போய்ப் பாதையில் கொட்டினார். சமையல்காரர் அமெதே ஒன்றும் கேட்காமல் கூடவே அள்ளினார். கடைசி வளைவுக்கு வைக்கோல் போதவில்லை. அமெதே அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டினார்.

வண்டி வந்தது. குதிரைகள் பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தபடியே சறுக்கின. வண்டி ஒரு பக்கம் இழுத்தது. பிறகு வைக்கோல் பிடித்தது. வேகம் குறைந்து, சாம்பலில் தேய்ந்து, ஆற்றங்கரையில் போய் நின்றது.

அங்கஸ் இறங்கி, இரண்டு குதிரைகளின் கால்களையும் தடவிப் பார்த்தான். கீறல்கூட இல்லை. வண்டியடியில் சிக்கியிருந்த ஒரு கிழிந்த காலுறையை உருவினான்.

"யோவ், இது யாரோடதுய்யா?"

"உன்னோடதாத்தான் இருக்கும். உன் படுக்கையத்தான் மொதல்ல அள்ளுனேன்."

அங்கஸ் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தான்.

மாலையில் வெறும் பலகையைப் பார்த்து முணுமுணுத்தவர்களை அங்கஸ் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னான். பிறகு அவரவர் கம்பளியை வெறும் பலகையிலேயே விரித்துக்கொண்டார்கள். காலையிலிருந்து ஒருவாய்த் தேநீர்கூட இறங்காத ஓவிலா, இரண்டு தட்டு பீன்ஸும் உப்புக்கறியும் சாப்பிட்டுவிட்டுப் பலகையில் சாய்ந்தவர், நன்றாகத் தூங்கிப்போனார்.

மேலும் ஒன்பது குளிர்காலம் அவர் அந்தச் சரிவில் நின்றார். ஒரு குதிரைகூடச் சாகவில்லை.