முதுகில் வைத்த கை

அக்கா அடித்தால் முதுகில்தான் அடிப்பார். கையில் அடித்தால் காய் வெட்டுவது நின்றுபோகும். முகத்தில் அடித்தால் சாப்பிட வந்தவர்கள் கண்ணில் படும். முதுகு என்றால் வெளியே தெரியாது, வேலையும் கெடாது. தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கையாலோ இரும்புக் கரண்டியின் காம்பாலோ, பின்னாலிருந்து ஒன்று விழும். வாங்கியவன் அடுப்பை விட்டுத் திரும்பக் கூடாது. திரும்பினால் இன்னொன்று.

பணம் படைத்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து சாப்பிட்ட உணவகம் அவருடையது. கண்ணாடி போல் நொறுங்கும் மீன் தோல், அண்டா நிறையக் கொதித்து ஒரு கிண்ணமாகச் சுண்டிய எலும்புச் சாறு, கரியில் புதைத்துச் சுட்ட வெங்காயம் எல்லாம் இன்று எந்தப் பெரிய உணவகத்திலும் கிடைக்கும். அவற்றை அந்த நகரத்தில் தொடங்கிவைத்தவர் அவர்தான். சமையல்காரர்கள் அவரை அக்கா என்றார்கள். அவர் காதுக்கு எட்டாத இடத்தில், சம்மட்டி.

ஒரு ஆலையின் கேன்டீனில்தான் முதலில் கரண்டி பிடித்தார். கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் கணவர். சூப்பில் உப்பு கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி. ஒருநாள் அவர் கை ஓங்கியபோது அக்கா கனமான வாணலியைத் தூக்கி அந்த மணிக்கட்டின் மேல் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் பாத்திரம் கழுவும் தொட்டிவரை கேட்டதாம்.

"இனிமே ஊட்டிவிட ஒரு ஆள் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, கட்டிய துணியோடு வெளியே வந்தார். கூட வந்தது தம்பி மட்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஒருவரை விட்டால் மற்றவருக்கு வேறு யாரும் கிடையாது.

பிறகு ஒரு பெரிய ஹோட்டல். அங்கிருந்த தலைமைச் சமையல்காரர், சாஸ் திரிந்துபோனால் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியை முன்கையில் வைப்பார். அக்காவின் இரண்டு கைகளிலும் அந்தத் தழும்புகள் வரிவரியாக இருந்தன. கணவரின் அடியைச் சகிக்காதவர் இதைச் சகித்தார். "அவன் அடிச்சது ஆத்திரம். இவர் அடிச்சது படிப்பு" என்பார். சாஸ் செய்யவும் சூடு வைக்கவும் ஒரே ஆளிடம் கற்றதால், இரண்டும் ஒரே வித்தை என்று கடைசிவரை நம்பினார்.

சொந்தக் கடை போட்டதும் பாடம் தொடர்ந்தது. கருகிய வாத்தைத் தட்டோடு சுவரில் அடித்தார். சில்லு தெறித்து இனிப்புப் பிரிவில் இருந்த பெண்ணின் புருவம் கிழிந்தது. உறைபதன அறையில் ஒருவரைப் பூட்டி வைத்து, உதடு நீலமான பிறகே திறந்தார். இன்னொருவரின் விரல்கள் ஓவன் கதவில் நசுங்கின. எல்லாவற்றிலும் பெரிய பங்கு தம்பிக்கு. "சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினா கிச்சன் நாறிடும்" என்பது அவர் நியாயம். ஒருமுறை கரண்டிக் காம்பு பட்டுத் தம்பியின் விலா எலும்பில் கீறல் விட்டது. அன்றும் அவன் கறி வாட்டிக்கொண்டுதான் இருந்தான்.

அங்கே வேலை பார்த்தவர்களுக்கு வேறு எங்கும் பரீட்சை இல்லை. "அக்கா கிச்சன்ல இருந்தேன்" என்றால் போதும், வேலை நிச்சயம். அவர்கள் தலைமைக்கு வந்ததும் தங்கள் கீழே இருப்பவர்களை முதுகில் அடித்தார்கள். நகரத்தின் நல்ல உணவகங்கள் எல்லாவற்றிலும் அவருடைய சாஸ் இருந்தது. அவருடைய அடியும் இருந்தது.

இரண்டாவது உணவகத்துக்குப் பணம் போட வந்தவர் ஒரு கட்டடக் காண்ட்ராக்டர். சமையலறைக்கும் மேஜைகளுக்கும் நடுவே சுவரே வேண்டாம், சமைப்பதை ஜனங்கள் பார்த்துக்கொண்டே சாப்பிடட்டும் என்றார். புதுக் கிச்சனுக்குத் தம்பிதான் தலைமை தாங்க வேண்டும் என்றும் சொன்னார். அக்கா இல்லாமல் அக்காவின் கை ருசியைக் கொண்டுவரக்கூடியவன் அவன் ஒருவன்தான். அக்காவுக்கும் அதுதான் ஆசை. கடையை வேறு யார் கையிலும் கொடுக்க அவருக்கு மனம் இல்லை.

தம்பி ஒரு நிபந்தனை வைத்தான்.

"அக்கா, அங்க ஒரு அடி விழக் கூடாது. யார் மேலயும். விழுந்தா, நான் ஏப்ரனைக் கழட்டிப் போட்டுட்டுப் போயிடுவேன்."

"போய் எங்கடா நிப்ப?"

"எங்கயாவது. உன் கண்ணுல படாத எடத்துல."

அக்கா அவனை உற்றுப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. "சரி, தொட மாட்டேன்" என்றார்.

வாக்கைக் காப்பாற்றினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒத்திகை நாட்களில் சாஸ் அடிப்பிடித்துப்போனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போவார். உள்ளே தொம் தொம் என்று கேட்கும். திரும்பி வரும்போது முழங்கை வரை வெள்ளையாக இருக்கும்.

"மாவு மூட்டை என்னக்கா தப்பு பண்ணுச்சு?" என்றாள் இனிப்புப் பெண்.

"உன்னை மாதிரி வாய் பேசுச்சு."

கிச்சனே சிரித்தது. தம்பியும் சிரித்தான்.

இன்னொரு சிக்கல் இருந்தது. எந்தச் சமையலறையிலும் ஒருவர் பின்னால் கடந்துபோகும்போது "பின்னாடி!" என்றும், கையில் கொதிப்பது இருந்தால் "சூடு!" என்றும் கத்துவார்கள். திறந்த கிச்சனில் அந்தக் கத்தல் சாப்பிடுகிறவர்கள் காதில் விழுந்தது. சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்று காண்ட்ராக்டர் முகம் சுளித்தார். அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். இனி யாரும் வாய் திறக்கக் கூடாது. பின்னால் கடக்கிறவர் முன்னால் நிற்பவரின் முதுகில் மெதுவாகக் கை வைத்தால் போதும். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தக் கிச்சனில் முதுகில் கை வைப்பதற்கு இதுவரை என்ன அர்த்தம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

திறப்பதற்கு முன், அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு விருந்து. மேஜைகள் நிறைந்திருந்தன. தம்பி அடுப்பின் முன் நின்று, வாணலியைச் சாய்த்து, நுரைத்துக் கொதிக்கும் வெண்ணெயைக் கறியின் மேல் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான். பின்னால் அக்கா ஒரு தட்டோடு வந்தார். தான் போட்ட சட்டப்படியே தம்பியின் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையை வைத்தார். அத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் அவர் மெதுவாகக் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

தம்பி சுழன்று திரும்பினான். வாணலியும் கூடவே வந்தது. கொதிக்கும் வெண்ணெய் அக்காவின் கன்னத்தில் விழுந்து கழுத்து வழியாக மார்புக்கு இறங்கியது. அவர் அலறி முன்னால் குனிந்தார். எதிரே நிற்பது யார் என்று தம்பி பார்த்தான். பார்த்த பிறகு வாணலியை ஓங்கி அவர் தோளில் அடித்தான். காறை எலும்பு உடைந்தது. தட்டு நொறுங்க, அக்கா கறியின் மேலும் தட்டின் சில்லுகள் மேலும் விழுந்தார். மறுபடியும் ஓங்கிய கையை இனிப்புப் பெண் தொங்கிப் பிடித்தாள். மேஜைகளில் இரண்டு பேர், இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தார். "வழுக்கி விழுந்தேன், வெண்ணெய் கொட்டிடுச்சு" என்றார் அக்கா.

"தோள் எப்படிம்மா உடைஞ்சுது?"

"விழுந்தா உடையாதா? நீங்க விழுந்து பாருங்க."

அவர் போன பிறகு தம்பி உள்ளே வந்தான். கட்டுக்கு வெளியே அக்காவின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"நான் அடிக்கலடா. கைதான் வெச்சேன்."

"தெரியும். வெண்ணெய் கொட்டினது தெரியாம நடந்தது. அடுத்தது தெரிஞ்சுதான் அடிச்சேன்க்கா. நீன்னு பாத்துட்டுதான் அடிச்சேன்."

அக்காவின் உதடு, வலித்தாலும், சிரிப்பது போல் இழுபட்டது.

"பாத்தேன்டா. இத்தனை நாளா எனக்கு ஒரு பயம். இவன் ரொம்ப சாது, ஆளுங்களை எப்படிக் கட்டி மேய்ப்பான்னு. இப்பதான் நிம்மதி. நாளைக்கே கடையைத் தெற. எவனும் உன் பேச்சை மீற மாட்டான்."

 தம்பியின் முகம் வெளுத்துப்போனதைத் தண்ணீர் கொண்டுவந்த நர்ஸ் பார்த்தார். அக்கா நல்ல கையை அவன் பக்கம் நீட்டினார். அவன் சுவர்வரை பின்வாங்கினான்.

"என்னடா? இன்னும் என்னைப் பாத்தா பயமா?"

"இல்லக்கா. நீ சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதான் பயமா இருக்கு."

அவன் வெளியே போனான். நர்ஸ் கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாதம்மா" என்றார் அக்கா. "கோவத்துல போறான். வந்துடுவான்."

நர்ஸ் பணி முடிந்து கிளம்பும்வரை கதவு திறந்தே இருந்தது. புதிய உணவகத்தை வேறொருவர் நடத்துகிறார். தம்பி எந்த ஊரில் என்ன வேலை செய்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. சமையல் வேலை இல்லை என்பது மட்டும் நிச்சயம். இருந்திருந்தால், அந்த ருசியைப் பற்றிய பேச்சு எப்படியும் அக்காவின் காதுக்கு வந்திருக்கும்.