பெனால்டி பார்க்காத அத்தை

என் அத்தை, பதினான்கு பருவங்களில், எங்கள் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் ஆடிய இருநூற்றுப் பதினோரு போட்டிகளை நேரில் கண்டிருக்கிறார். அவற்றில் இரு தரப்புக்கும் சேர்த்து நாற்பத்திரண்டு பெனால்டிகள் வழங்கப்பட்டன. அவர் பார்த்தது ஒன்றுகூட இல்லை. சீசன் டிக்கெட் புத்தகத்து நுழைவுச் சீட்டுகளின் கிழிந்த பாதிகளை அவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்ததால் முதல் எண்ணைச் சரிபார்ப்பது எளிதாக இருந்தது. பார்க்காத கணக்கை அவரே பெருமையோடு ஒப்புக்கொள்வார்.

நடுவர் வெள்ளைப் புள்ளியை நோக்கிக் கை நீட்டியதும் அத்தை எழுந்துவிடுவார். மடியிலிருக்கும் பையை இருக்கையில் வைத்துவிட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். மேற்கு கேலரி முழுவதும் அவருக்கு முதுகக்கா என்று பெயர். போட்டி நாளன்று மாமா, "போயிட்டு நல்லா முதுகு காட்டிட்டு வா" என்றுதான் வழியனுப்புவார். காசு கொடுத்துக் கழுத்து வலி வாங்கும் ஒரே ஆள் தன் மனைவிதான் என்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார்.

அத்தை திரும்பி நின்று எதைப் பார்த்தார் என்பதை விளக்க, அவருடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக வெளிவரும் படுக்கை விரிப்புகளை அங்கே இருவர் எதிரெதிரே நின்று மடிக்கிறார்கள். புதிதாகச் சேருபவர்களுக்கு அத்தை முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவார்: துணியைப் பார்க்காதே, எதிரில் நிற்பவர் முகத்தைப் பார். துணியைப் பார்த்தால் விரிப்பு கோணும். முகத்தைப் பார்த்தால், எப்போது இழுப்பது, எப்போது முன்னே வந்து முனைகளைச் சேர்ப்பது என்பது தானாகத் தெரியும். முப்பது ஆண்டுகள் இப்படி வேலை செய்தவருக்கு, நேரே பார்க்கத் துணிவில்லாத ஒன்றை வேறொருவர் முகத்தில் பார்ப்பது இயல்பாகவே வந்தது.

அந்த முகம் பல்செட்காரருடையது. அத்தைக்கு நேர் பின்வரிசையில், இருபத்திரண்டாம் எண்ணில் இருப்பவர். பேருந்துப் பணிமனைக்கு அருகே ஒரு மாடியறையில் பல்செட் செய்துகொடுக்கும் தொழில். எந்தப் போட்டிக்கும் அதே மஞ்சள் சட்டை, நீண்ட முகம், புருவங்கள் நெற்றியில் ஏறி இறங்கும். ஆரவாரம் எழுவதற்கு அரை நொடி முன்பே முடிவு அவர் முகத்தில் தெரிந்துவிடும் என்பது அத்தையின் உறுதியான கருத்து. பக்கத்து இருக்கையில் இருக்கும் என்னால் இதை ஒருமுறையும் சரிபார்க்க முடிந்ததில்லை. நான் பந்தைப் பார்த்து, ஒவ்வொரு பெனால்டி உதையையும் என் குறிப்பேட்டில் பதிந்துகொண்டிருந்தேன்.

பதினான்கு ஆண்டுகளில் இருவரும் பெயரைக்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. "வந்தாச்சா", "மழை வந்துரும் போல", கொஞ்சம் வேர்க்கடலை, அவ்வளவுதான். ஒருமுறை மாமாவின் கீழ்வரிசைப் பல்செட் ஆடுகிறது என்று அத்தை சொல்ல, அவர் கொண்டுவரச் சொன்னார். மாமா மறுத்துவிட்டார். பந்து பார்க்கப் போன இடத்தில் தன் பல்லைப் பற்றி என்ன பேச்சு என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பருவத்தின் நடுவில், போட்டிகள் இல்லாத மூன்று வார இடைவெளியில், மேற்கு கேலரியின் பழைய பெஞ்சுகளை எடுத்துவிட்டு நாற்காலிகள் போட நிர்வாகம் முடிவு செய்தது. சீசன் டிக்கெட் வைத்திருப்போர் அனைவருக்கும் ஒரு படிவம் வந்தது. அதில், 'இருக்கை குறித்துத் தெரிவிக்க விரும்புவது' என்று ஒரு கட்டம். பல்செட்காரருக்கு முன்னால் உள்ள இடம் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதே அத்தையின் ஒரே கவலை. ஆகவே கவனமாக எழுதினார். அதன் நகல் என்னிடம் இருக்கிறது:

'பதினான்கு ஆண்டுகளாகப் பின்வரிசை இருபத்திரண்டில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைக் கருத்தில் கொண்டு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

சலவை சோப்பு கேட்டு மேலிடத்துக்கு எழுதும் கடிதங்களையெல்லாம் அத்தை அப்படித்தான் முடிப்பார். சோப்பு மூன்று மாதம் கழித்தே வரும். கால்பந்துக் கழக அலுவலகமோ ஆவனவற்றை நான்கே நாளில் செய்துவிட்டது.

புதிய நாற்காலிகளில் நடந்த முதல் போட்டியன்று அத்தை திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டில் ஒரு வங்கி ஊழியர் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். பல்செட்காரர் கிழக்கு கேலரிக்கு, மைதானத்தின் அந்தக் கோடிக்கு, மாற்றப்பட்டிருந்தார். அவர் பார்வையால் முன்வரிசைப் பெண் ஒருவருக்குச் சங்கடம் ஏற்படுவதாகக் குறிப்பிட்டு அவருக்குக் கடிதமும் போயிருந்தது. முன்வரிசைப் பெண் யார் என்பதை அதில் எழுதவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

டிக்கெட் அலுவலகத்தில் இருந்த பெண் கோப்பைத் திறந்து காட்டினார்.

"நீங்கதானம்மா எழுதியிருக்கீங்க, அவர் மூஞ்சியப் பாக்க வேண்டியிருக்குன்னு."

"ஆமா, பாக்க வேண்டியிருக்கு."

"அதான், இனிமே பாக்க வேண்டாம்னு பண்ணிட்டோம்."

அத்தை விளக்கினார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு விதியைச் சொன்னார்: புகார் கொடுத்தவர் மட்டும் கேட்டு இதை மாற்ற முடியாது; மாற்றப்பட்டவரே திரும்பி வரச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பருவத்தின் கடைசிச் சொந்த மைதானப் போட்டி முடிந்து அலுவலகம் மூடுவதற்குள் அது வராவிட்டால், இருபத்திரண்டு நிரந்தரமாக வங்கி ஊழியருக்கு.

சம்மதப் படிவத்தோடு அத்தை என்னையும் அழைத்துக்கொண்டு அந்த மாடியறைக்குப் போனார். மேசையெங்கும் பிளாஸ்டரில் வார்த்த வெள்ளைத் தாடைகள். பல்செட்காரர் ஒரு மெழுகுப் பல்லைச் சீவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அத்தை நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

"வேணாம்மா," என்றார் அவர். "இந்த மூஞ்சி அங்கயே இருக்கட்டும். அங்க யாருக்கும் சங்கடம் இல்ல."

"ஐயோ, உங்க மூஞ்சி இல்லாம எனக்கு ஒரு பெனால்டி ஓடாதுங்க. கோலா இல்லையான்னு அதுலதான் பாப்பேன்."

சீவிக்கொண்டிருந்த கை நின்றது. "என் மூஞ்சிலயா?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு மறுபடி பல்லைச் சீவத் தொடங்கினார். கோபம் தணியவில்லை என்று நினைத்த அத்தை, படிவத்தை ஒரு தாடைக்கு அடியில் செருகிவைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பின் ஐந்து போட்டிகள் நடந்தன. நல்லவேளையாக ஒன்றிலும் பெனால்டி இல்லை. படிவமும் வரவில்லை.

கடைசிப் போட்டி எண்பத்தெட்டாம் நிமிடம் வரை கோலின்றிச் சென்றது. அப்போது எங்கள் முன்கள வீரரைப் பெனால்டி பெட்டிக்குள் எதிரணியினர் இடறிவிட, நடுவர் கை நீட்டினார். அத்தை பையை வைத்தார், எழுந்தார், திரும்பினார். வங்கி ஊழியரின் தலை உச்சி மட்டும் தெரிந்தது. முகம் கைப்பேசிக்குள் இருந்தது. அதைப் பார்த்து என்ன செய்வது? அத்தை தவித்துப்போய் மறுபடி மைதானத்தின் பக்கமே திரும்பினார். பந்தைப் பார்க்கும் தைரியம் அப்போதும் வரவில்லை. மைதானத்தைத் தாண்டி, எதிரே கிழக்கு கேலரியில் கண்ணை ஓட்டினார்.

"அங்க பாரு," என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

எதிரே ஆயிரக்கணக்கான முகங்கள் எங்களை நோக்கி இருந்தன. அவற்றின் நடுவே ஒரே ஒரு முதுகு. மஞ்சள் சட்டை, சற்றுக் கூனிய தோள்கள். பல்செட்காரர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, பின்வரிசையில் யாரையோ தேடுவதுபோல நின்றுகொண்டிருந்தார்.

ஆரவாரம் கிளம்பியது. கோல். அந்த முதுகு துள்ளியது. அத்தை காட்டிய திசையைப் பார்த்ததால் நானும் அந்த உதையைத் தவறவிட்டேன். என் குறிப்பேட்டில் உள்ள ஒரே வெற்றிடம் அதுதான்.

இறுதி விசில் ஊதியதும் அத்தை கிழக்கு வாசலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். பல்செட்காரர் எதிரே வந்துகொண்டிருந்தார், கையில் நான்காக மடித்த படிவத்தோடு. அதன் ஓரத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.

"எந்தப் பக்கம் அடிச்சாரு?" என்று முதலில் அவர்தான் கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்? உங்க முதுகைத்தான் பாத்துட்டிருந்தேன்."

அவர் தொண்டையைச் செருமினார். "அன்னைக்கே சொல்லியிருக்கணும். நான் என்னைக்கம்மா பெனால்டி பாத்தேன்? முன்னாடி நீங்க திரும்பி நிப்பீங்க, நான் உங்க மூஞ்சியப் பாத்துட்டு நிப்பேன். சத்தம் வந்தா கோல்னு தெரிஞ்சுக்குவேன். இங்க முன்னாடி யாரும் திரும்பல, அதான் உங்கள மாதிரி நானே திரும்பிட்டேன்."

பதினான்கு ஆண்டுகள், நாற்பத்திரண்டு பெனால்டிகள். இவர் அவர் முகத்தையும் அவர் இவர் முகத்தையும் பார்த்தபடி, நடுவில் விரிப்பே இல்லாமல் மடித்திருக்கிறார்கள்.

"அப்போ அந்த அரை நொடி?" என்றார் அத்தை.

"எந்த அரை நொடி?"

"ஒண்ணுமில்ல. கையெழுத்தப் போடுங்க, ஆபீஸ் மூடிருவாங்க."

எழுத மேசை இல்லாததால் நான் குனிந்து நின்றேன். என் முதுகில் படிவத்தை விரித்து அவர் கையெழுத்திட்டார். பேனா அதோடு நிற்கவில்லை. 'காரணம்' என்ற கட்டத்தில் எதையோ எழுதத் தொடங்கியது.

"என்ன வேணா எழுதுங்க," என்றார் அத்தை. "ஆவன செய்யவும்னு மட்டும் எழுதிராதீங்க."