பால்கனியில் உறைந்த கடைசிக் குழாய்

இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகளில் ஒரு சனவரித் திங்கட்கிழமை. ஒஸ்லோவில் நான் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்த ஆய்வுகூடத்தின் குளிர்ப்பெட்டி நின்றுவிட்டது. ட்வெய்ட்டாவில் இருந்த என் வீட்டிலிருந்து வந்து நான் கோட்டைக் கழற்றும் முன்பே கவிதா ஓடி வந்தாள். மதுரைக்காரி, முனைவர் பட்ட மாணவி, நகரின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவாவில் குடியிருந்தாள்.

"பயப்படாதீங்கக்கா. எல்லாத்தையும் எடுத்து லேப் பால்கனில வச்சுட்டேன். எங்க வீட்டு சாம்பாரே டிசம்பர்லேருந்து பால்கனிலதான் இருக்கு!"

"அன்டிபொடியுமோ?"

"ஆமா."

"பிள்ளை, வெளியிலை மைனஸ் பதினாலு!"

உறையக் கூடாத அந்த அன்டிபொடிக் குழாய் கல்லாக உறைந்திருந்தது.

கவிதாவின் ஆய்வு, கொழுப்பமிலங்களைப் பிணைக்கும் புரதங்களில் மூளைக்குரிய ஒன்றைப் பற்றியது. கொழுப்பமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. இந்தப் புரதம் அதைப் பிடித்துச் செல்லுக்குள் கொண்டுபோகும். கருவில் மூளை உருவாகும்போது நிறைய இருக்கும், வளர்ந்தபின் குறைந்துவிடும். அந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று காட்டும் அன்டிபொடி, அதாவது பிறபொருளெதிரி, ஒரு முயலின் இரத்தத்திலிருந்து எடுத்தது. முயல் எப்போதோ செத்துவிட்டது. மிஞ்சியது அந்தக் குழாய்தான். அது கெட்டால் கவிதா எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"போச்சுக்கா. என் தீசிஸ் போச்சு."

"ஒருக்கா உறைஞ்சதாலை எல்லாம் போயிடாது. திரும்பத் திரும்ப உறையிறதுதான் கேடு. ஐஸிலை வைச்சு ஆறுதலா உருக விடும்."

"ஐஸ்லேருந்து எடுத்து திரும்ப ஐஸ்லயா?"

"ஓம். அவசரப்படாதையும்."

உருகியதை அதிவேகச் சுழற்றியான சென்ட்ரிஃபியூஜில் சுற்றிக் கட்டிகளை அடியில் படியவிட்டோம். எலிக் கருவின் மூளைச் சீவல்களோடு இரண்டு ஸ்லைடுகளை எடுத்து, ஒன்றில் மட்டும் அன்டிபொடியை இட்டோம். அன்டிபொடி ஒட்டிய இடத்தைப் பச்சையாக ஒளிரவைக்கும் சாயத்தை இரண்டிலும் இட்டோம். மற்றதும் ஒளிர்ந்தால் முதலாவதை நம்ப முடியாது. மறுநாள்தான் பார்க்கலாம்.

மறுநாள் நுண்ணோக்கி அறையில் அன்டிபொடி இல்லாத ஸ்லைடை முதலில் வைத்தேன். இருட்டு. அப்படித்தான் இருக்க வேண்டும். மற்றதைக் கவிதா வைத்தாள். குனிந்து பார்த்தபடி குமிழை மெல்லத் திருகினாள்.

"பாருங்கக்கா."

மூளையின் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை மெல்லிய பச்சை இழைகள் நின்றன. புதிதாகப் பிறக்கும் நரம்புச் செல்கள் இவற்றைப் பற்றிக்கொண்டுதான் மேலே ஏறும்.

"வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருக்குல்ல?"

"குறைவெண்டாலும் இருக்குத்தானே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இனிமே பால்கனில சாம்பார் மட்டும்தான்க்கா."

அன்றே மிச்சத்தைச் சின்னக் குழாய்களில் பிரித்து, இரண்டு இடங்களில் வைத்தோம். இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: திரும்பக் கிடைக்காததை ஒரே குழாயில் வைக்காதீர்கள். கெட்டுவிட்டது என்று நினைத்தாலும் சோதிக்காமல் கொட்டாதீர்கள்.

கவிதா பட்டம் பெற்று ஊருக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டுச் சாம்பார் இப்போது டிசம்பரிலிருந்து பால்கனியில்தான் இருக்கிறது.