கேலன் சொல்லாமல் விட்ட பெயர்

குபேனா ஹாலுக்கு சனிக்கிழமை ஆட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஓர்வில் டாக்கெட்டின் முகம் தெரியாது. தொப்பியின் மேல்பக்கம்தான் தெரியும். ஸ்டீல் கிட்டாரை மேசை மாதிரி முன்னால் நிறுத்தி, அதன்மேல் குனிந்து, இடது கையில் பிடித்த இரும்புக் கட்டையைக் கம்பிமேல் இழுத்துக்கொண்டே இருப்பான். பகலில் கிணற்று மோட்டார் பழுது பார்க்கிறவன். சுற்றியுள்ள மூன்று மாவட்டத்துக்கும் அவன்தான். வாசிப்பிலும் அப்படித்தான். அவன் ஒரு இழுப்பு இழுத்தால் கடன் தர மறுக்கிற வங்கி மேனேஜர்கூட மூக்கை உறிஞ்சுவார். நானே பார்த்திருக்கிறேன்.

பாடுகிறவன் கேலன் ப்ரூயிட். மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறான். மூன்று கல்யாணம் செய்து, மூன்றும் முறிந்து, மூன்றையும் பாட்டாக்கியவன். மூன்றாவது பாட்டுதான் நன்றாக வந்தது என்று முதல் மனைவியே சொல்கிறாள்.

நான் ராய்ஸ். பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். மேடையில் என் இடம் இந்த இரண்டு பேருக்கும் நடுவில். ஆறு வருடம் அப்படி நின்றதில் எனக்கு முதுகுவலியும் இந்தக் கதையும் மிஞ்சின.

இரண்டு பேரும் சேர்ந்தது லவெல் ஸ்ட்ரவுடின் முடிவெட்டும் கடையில். லவெல் முன்னறையில் முடி வெட்டுவார், பின்னறையில் ஸ்டீல் வாசிப்பார். ஓர்வில் அங்கே கற்றுக்கொள்ள வந்தான். கேலன் முடி வெட்டிக்கொள்ள வந்தவன், பாதித் தலையோடு பின்னறைக்குப் போய்ப் பாட ஆரம்பித்துவிட்டான். ஸ்டீல் கிட்டாருக்குக் கீழே பெடல்கள் உண்டு. எந்தச் சமயத்தில் எதை மிதிக்கிறோமோ அதில்தான் அந்த அழுகை இருக்கிறது. லவெல் "ஒண்ணு, ரெண்டு, விடு" என்று சொல்லிக் கொடுப்பார். கேலன் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, கடைசியில் அவனே சொல்ல ஆரம்பித்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து அப்போது ஒரு லாரி, ஒரு நல்ல சட்டை. ஸ்டீல் வாசிக்கிறவன் குனிந்துதானே இருப்பான், அதனால் சட்டை கேலனுக்கு.

பிறகு ஒரு கிணற்றுக் குழாய் விழுந்து ஓர்விலின் இடது கணுக்கால் உடைந்தது. கால் பழையபடி திரும்பவில்லை. தன் கிட்டாரில் பெடல்களை இடம் மாற்றி, முதலாவதைக் கடைசியில், கடைசியை முதலில் மாட்டிக்கொண்டான். லவெல் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து பயந்து போய்ச் சொன்னான். அவர் ஒருவரின் தாடையை மழித்துக்கொண்டே, "கால் உன்னோடது. நேரத்துக்கு வந்து சேர்ந்தா சரி" என்றார்.

எங்கள் பக்கத்து மேடைகளில் ஒரு வழக்கம். பாட்டுக்கு நடுவில் ஒருத்தன் தனியாக வாசிக்கிற இடம் வரும்போது, பாடுகிறவன் அவன் பெயரை மைக்கில் சொல்லுவான். சம்பளத்தைவிட அது பெரிது. ஆடிக்கொண்டிருக்கிற ஜோடிகள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். வாசிக்கிறவனின் மனைவி இருந்தால் பக்கத்து மேசையைப் பெருமையாகப் பார்ப்பாள்.

ஆறு வருடம் முன்னால் கேலனைப் பாட்டுக் கம்பெனிகள் இருக்கிற நாஷ்வில்லுக்குக் கூப்பிட்டு இரண்டு பாட்டு பதிவு செய்தார்கள். ஸ்டீலுக்கு அங்கேயே ஆள் இருக்கிறது என்றார்கள். கேலன் சரி என்றுவிட்டான். ஓர்விலுக்காக ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கலாம். சொல்லவில்லை. பாட்டு ரேடியோவில் வந்தபோது ஓர்வில் முந்நூறு அடிக் கிணற்றிலிருந்து மோட்டார் இழுத்துக்கொண்டிருந்தான். தன் வாசிப்பை இன்னொருத்தன் தன்னைவிடச் சுத்தமாக வாசிப்பதைக் கேட்டான்.

அந்த சனிக்கிழமை, அதே பாட்டில், கேலன் மைக்கில் "ஓர்வில் டாக்கெட்" என்றான். ஓர்வில் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அரைப் பாட்டு நீளத்துக்கு என் பேஸும் டிரம்மும் மட்டும். ஆடுகிறவர்களின் பூட்ஸ் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. எங்கள் தொழிலில் கன்னத்தில் அறைவதற்கு இதைவிட நாகரிகமான வழி இல்லை.

அதற்குப் பிறகு கேலன் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "ஸ்டீல்" என்பான், மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிற மாதிரி. பேச்சும் நின்றது. ஆனால் பிரியவும் முடியவில்லை. அவனுக்கு இவன் மாதிரி ஸ்டீல் கிடைக்காது, இவனுக்கு அவன் மாதிரி குரல் கிடைக்காது. நாலடி தூரத்தில் நின்றுகொண்டு எல்லாச் செய்தியையும் என் வழியாக அனுப்பினார்கள்.

"அந்தச் செவிட்டுக் கழுதைகிட்ட சத்தத்தைக் குறைக்கச் சொல்லு" என்பான் கேலன். நான் திரும்பி, இன்றைக்கு ஸ்டீல் தேன் மாதிரி இருக்கிறதாம், முன் மேசைப் பாட்டிகளுக்குத்தான் காது வலிக்கிறதாம் என்று சொல்லுவேன். ஓர்விலிடமிருந்து வருவதையும் இப்படித்தான் துவைத்துக் காயவைத்துக் கொடுப்பேன். ஓர்விலின் மனைவி டாரத்திக்கு ஆபரேஷன் ஆனபோது என் மனைவி அடுப்பில் சுட்ட பீச் பை என்கிற பழப் பணியாரத்தை கேலன் கொடுத்தனுப்பியதாகச் சொல்லிக் கொடுத்தேன். பொய்தான். பை என்னவோ சூடாகத்தான் இருந்தது.

ஒருநாள் லாரியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தபோது ஓர்வில் தானாகவே சொன்னான்.

"மன்னிப்பு ஒண்ணும் கேக்க வேணாம் ராய்ஸ். ஒரு தடவை பேரைச் சொன்னா போதும்."

"நீயே போய்ப் பேசேன்."

"கையை எடுத்தவன் நான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

கேலனிடம் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டே சொன்னான்: "நான் பேரைச் சொல்லி, அவன் மறுபடி கையை மடியில வெச்சுட்டான்னா? இன்னொரு தடவை என்னால தாங்க முடியாதுடா."

போன அக்டோபரில் லவெலுக்கு எண்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாலில் ஆட்டம், நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு சாலட். முடக்குவாதத்தில் அவர் விரல்கள் முள்கரண்டி மாதிரி வளைந்துவிட்டன. வாசித்துப் பத்து வருடம். ஆனாலும் தன் பழைய ஸ்டீலைப் பேரனின் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மேடைக்குக் கீழே நின்று தடியால் பலகையைத் தட்டினார்.

"தம்பி ஓர்வில், என்னோடதுல ஒண்ணு வாசி. அது பாடிக் கேட்டு நாளாச்சு."

ஓர்வில் என்னைப் பார்த்தான். "பெடல் இதுல தலைகீழ்" என்று முணுமுணுத்தான். ஒத்திகை பார்க்க நேரமில்லை. பிறந்தநாள்காரரிடம் முடியாது என்றும் சொல்ல முடியாது. உட்கார்ந்தான்.

ஆரம்பம் நன்றாகவே போனது. காலைப் பார்த்துப் பார்த்து மிதித்தான். கேலன் இரண்டு அடி பாடி முடித்தான். தனியாக வாசிக்கிற இடம் வந்தது. "ஸ்டீல்" என்றான் வழக்கம்போல.

அந்த இடத்தில் ஓர்வில் காலைப் பார்க்க மாட்டான். கண்ணை மூடிக்கொள்வான். முப்பது வருடப் பழக்கம் காலைக் கொண்டுபோய் வேறு பெடலில் வைத்தது. கதவிடுக்கில் வால் மாட்டிய பூனை மாதிரி ஒரு சத்தம். ஆடிக்கொண்டிருந்த ஒரு ஜோடி அப்படியே நின்றது. இன்னொரு தடவை மிதித்தான், அதுவும் தப்பு. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

மறுபடி நானும் டிரம்மும் மட்டும். மறுபடி பூட்ஸ் சத்தம். ஆறு வருடம் முன்னால் இருந்தவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். எல்லாரும் கேலனைப் பார்த்தார்கள்.

கேலன் திரும்பினான். முகம் செத்துப்போயிருந்தது. மைக்கை உடைக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் ஓர்விலின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். அந்தக் கிட்டாருக்கு முன்னால் வாளிமேல் உட்கார்ந்து பெடல் எண்ணியவன் அவன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

தலைக்கு மேலே விரலைச் சுற்றிக் காட்டினான். அதே இடத்தையே விடாமல் சுற்றிச் சுற்றி வாசியுங்கள் என்று எங்களுக்கு அர்த்தம். மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஸ்டீலுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"பெரியவங்களே, இது மிஸ்டர் லவெலோட கிட்டார். அவர் பேச்சைத்தான் கேக்கும். இவனுக்கு இன்னும் ஒரு சுத்து தரணும்." தொண்டையைச் செருமினான். "ஓர்வில் டாக்கெட்."

ஓர்வில் அசையவில்லை. கேலன் மைக்கைக் கீழே இறக்கி, அவனுக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, "பெடலே வேணாம்டா. காலை எடு" என்றான்.

ஓர்வில் இடது காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான். இரும்புக் கட்டையை மட்டும் வைத்து, பெடல் வருவதற்கு முந்தைய காலத்து ஆட்கள் வாசித்த மாதிரி, மெதுவாக, நேராக வாசித்தான். வித்தை ஒன்றும் இல்லை. வெறும் பாட்டுதான் இருந்தது. லவெல் தடியை மேசைமேல் வைத்துவிட்டு, வளைந்த விரல்களால் காற்றில் கூடவே வாசித்தார். பேரன் அவர் தட்டை நகர்த்தி வைத்தான்.

பாட்டு முடிந்ததும் இவர்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. கேலன் தண்ணீர் குடித்தான். ஓர்வில் துணியால் கம்பியைத் துடைத்தான். இடைவேளையில் இறைச்சித் தட்டோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நானும் எதிரில் உட்கார்ந்தேன், இனிமேல் நடுவில் உட்கார வேண்டியதில்லையே.

"நாஷ்வில்ல நான் வாயைத் திறந்திருக்கணும்" என்றான் கேலன், ஊறுகாயைப் பார்த்துக்கொண்டு.

"ஆமா, திறந்திருக்கணும்" என்றான் ஓர்வில். கொஞ்ச நேரம் மென்றான். "போகட்டும். டாரத்தி ஆஸ்பத்திரில இருந்தப்ப நீ பை அனுப்பினியே, அதுலயே எனக்குப் பாதி ஆறிடுச்சு."

"என்ன பை?"

"பீச் பை."

"நான் எங்க அனுப்பினேன்? டாரத்தி ஆஸ்பத்திரில இருந்தது எனக்குத் தெரியவே தெரியாதே. அது இருக்கட்டும், என் குரல் வயசாக வயசாக இன்னும் இனிக்குதுன்னு சொல்லி அனுப்பினியே, அதாச்சும் நிஜமா?"

"உன் குரலா? தொண்டை துருப்பிடிச்சுப்போச்சுன்னுல்ல சொன்னேன்."

இரண்டு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். இரண்டு தொப்பியும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின. நான் சாலட் எடுத்துவர எழுந்தேன்.

"உக்காருடா ராய்ஸ்" என்றார்கள், சேர்ந்து.